பல வண்டிப் பாகங்கள், ஒரே எஞ்சின்: ஹோண்டா படுக்கை எஞ்சினைக் கலந்து கட்டுவது எப்படி?

ஒரு வண்டியின் கிராங்க் கேஸ் (எஞ்சினின் கீழ்க் கூடு), இன்னொன்றின் கிராங்க் (அதற்குள் சுழலும் தண்டு), தனியாக வாங்கிய சிலிண்டர் கிட், பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி). இந்த நான்கையும் சேர்த்து ஓடுகிற எஞ்சினாக்க முடியுமா? முடியும். ஆனால் கையில் கிடைத்த எதையும் எதோடும் சேர்க்க முடியாது. பாகங்கள் எல்லாம் ஒரே மூல வடிவமைப்பிலிருந்து வந்த குடும்பமாக இருக்க வேண்டும். குடும்பத்துக்குள்ளேயும் அளந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இப்படிக் கலந்து கட்டுவதற்கு வாகான குடும்பம் ஹோண்டாவின் சிறிய படுக்கை எஞ்சின். சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் முன் சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் வகை இது. 1958-ல் சூப்பர் கப் வண்டியில் வந்தபோது அது புஷ்ராடு (வால்வுக்குத் தள்ளுகம்பி) வைத்த 49 சிசி. 1960களின் நடுவில் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்கு ஏறி, டைமிங் செயினால் சுற்றத் தொடங்கியது. இன்று கலந்து கட்டுவதெல்லாம் இந்த இரண்டாம் வகையைத்தான். சூப்பர் கப் வரிசை மட்டுமே 2017-ல் 10 கோடி வண்டிகளைத் தொட்டது. பாகிஸ்தானின் சிடி70, மலேசியாவின் 'கப்சாய்' வண்டிகளில் புகழ்பெற்ற இஎக்ஸ்5, இலங்கையில் ஓடிய சி50, சி90, ஜப்பானின் குட்டி மங்கி வண்டி எல்லாம் இதே வகை. 1985-ல் இந்தியாவுக்கு வந்த ஹீரோ ஹோண்டா சிடி100-ம் பிறகு வந்த ஸ்ப்ளெண்டரும் இந்த வம்சம்தான். சீனாவில் லிஃபான், ஜோங்ஷென், ஒய்எக்ஸ் போன்ற பெயர்களில் இதன் நகல்கள் 50 சிசியிலிருந்து 160 சிசி வரை வருகின்றன. மங்கி வண்டிக்காகவே டாகேகாவா, கிடாகோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் சிலிண்டர் கிட் செய்து விற்கின்றன. ஆகவே பாகத்துக்குப் பஞ்சமில்லை. எது எதோடு சேரும் என்று தெரிந்துகொள்வதில்தான் வேலை இருக்கிறது.

பெயரை நம்பாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். 'சி90 சிலிண்டர்' என்று கேட்டு வாங்கிவிட்டுப் பொருந்தவில்லை என்று விழிப்பார்கள். பழைய சி90-ன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 45.6 மி.மீ., 89.5 சிசி. 12 வோல்ட் மின்னமைப்பு வந்த காலத்து சி90-ன் போர் 47, ஸ்ட்ரோக் 49.5, 85.9 சிசி. பெயர் ஒன்று, எஞ்சின் வேறு. சி100 இன்னும் மோசம்: 1958-ன் சி100 என்பது 49 சிசி, பின்னாளில் வந்த சி100 இஎக்ஸ் 97 சிசி.

பெயருக்குப் பதில் போரையும் ஸ்ட்ரோக்கையும் மனதில் வையுங்கள். போர் என்பது சிலிண்டர் துளையின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் கீழ் முனையிலிருந்து மேல் முனைவரை போகும் தூரம். குடும்பத்தின் முக்கியமான ஜோடிகள் இவை:

39 × 41.4 – 49.5 சிசி (சி50)
47 × 41.4 – 71.8 சிசி (சி70, சிடி70)
47 × 49.5 – 85.9 சிசி (பிந்தைய சி90)
50 × 49.5 – 97.2 சிசி (இஎக்ஸ்5, சிடி100, ஸ்ப்ளெண்டர்)
52.4 × 49.5 – 106.7 சிசி (சீனத்து '110')
52.4 × 55.5 – 119.7 சிசி (சீனத்து '125')
54 × 54 – 123.7 சிசி (இதுவும் '125'தான்)

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஸ்ட்ரோக் ஒன்றே. அதனால்தான் 50-ன் கேஸையும் கிராங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, 70-ன் சிலிண்டர், பிஸ்டன், ஹெட் மூன்றையும் மாற்றுவது இந்தக் குடும்பத்தின் முதல் பாடமாக இருந்துவருகிறது. அதே 41.4 கிராங்கில் 52 மி.மீ. பிஸ்டன் போட்டால் 87.9 சிசி. மங்கி வண்டிக்காரர்கள் '88 கிட்' என்று சொல்வது இதைத்தான்.

சீன எஞ்சின் என்றால் கேஸின் மேல் அடித்திருக்கும் குறியீடு உதவும். 1பி52எஃப்எம்ஐ (1P52FMI) என்று இருந்தால், 1 என்பது ஒற்றைச் சிலிண்டர், பி என்பது படுக்கை வகை, 52 என்பது போர், எஃப் என்பது காற்றுக் குளிர்ச்சி, எம் என்பது மோட்டார் சைக்கிள். கடைசி எழுத்து சிசி வகுப்பு: பி (B) 50, டி (D) 70, ஜி 100, ஹெச் 110, ஐ 125, ஜே 150. பி (P) இல்லாமல் 156எஃப்எம்ஐ என்று இருந்தால் அது பெரும்பாலும் நிமிர்ந்த சிலிண்டர். நம் வேலைக்கு ஆகாது. இந்தக் குறியீட்டில் ஸ்ட்ரோக் வராது என்பதைக் கவனியுங்கள். 1பி52எஃப்எம்ஹெச்-ம் 1பி52எஃப்எம்ஐ-ம் ஒரே போர்தான், ஆனால் ஸ்ட்ரோக் 6 மி.மீ. வேறு. தவிர, பழைய எஞ்சினில் யாரோ முன்பே கை வைத்திருக்கலாம். கேஸில் இருக்கும் எழுத்து கேஸைப் பற்றி மட்டுமே பேசும், உள்ளே இருக்கும் கிராங்கைப் பற்றி அல்ல.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல வெர்னியர் காலிப்பர், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், 10 மில்லி சிரிஞ்சு, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச், மேக்னெட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கழற்றும் புல்லர். போரின் தேய்மானத்தை அளக்க வேண்டிய போர் கேஜ் லேத் பட்டறையில் இருக்கும்.

உயரக் கணக்கு

கலந்து கட்டுவதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே பெரிய விஷயம் இது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கிராங்கின் மையத்திலிருந்து ஹெட்டை நோக்கி எண்ணுங்கள். ஓடுகிற பாகங்கள் ஒரு பக்கம்: பாதி ஸ்ட்ரோக், அதோடு கனெக்டிங் ராடின் நீளம் (மேல் துளை மையத்திலிருந்து கீழ்த் துளை மையம் வரை), அதோடு பிஸ்டன் பின்னின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் முள்) மையத்திலிருந்து பிஸ்டன் தலையின் விளிம்புவரை உள்ள உயரம். நிற்கிற பாகங்கள் இன்னொரு பக்கம்: கிராங்க் மையத்திலிருந்து கேஸின் வாய்த் தளம் வரை, அதோடு அடிப் பேக்கிங் (கேஸுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைப்பது), அதோடு சிலிண்டர் பிளாக்கின் உயரம். இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக இருந்தால், பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது அதன் விளிம்பு பிளாக்கின் மேல் தளத்தோடு மட்டமாக இருக்கும். ஓடுகிற பக்கம் கூடுதல் என்றால் பிஸ்டன் வெளியே எட்டிப் பார்க்கும். குறைவென்றால் உள்ளே அமுங்கி நிற்கும்.

இப்போது 49.5 கிராங்கை எடுத்துவிட்டு 55.5 கிராங்கை வைத்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரோக் 6 மி.மீ. கூடியது, பாதி 3 மி.மீ. மற்ற எல்லாம் அதேபடி இருந்தால் பிஸ்டன் மேலே 3 மி.மீ. வெளியே வந்து ஹெட்டை இடிக்கும். அதோடு நிற்காது. கீழ் முனையிலும் 3 மி.மீ. கூடுதலாக இறங்கும், பிஸ்டனின் பாவாடை கிராங்கின் எடைத் தட்டில் உரசலாம். கிராங்கின் இணைப்பு முள் (பின்) வெளியே தள்ளியிருப்பதால் ராடின் பெரிய முனை கேஸின் உள்சுவரிலும் தட்டலாம்.

தீர்வு நான்கு: 3 மி.மீ. உயரமான பிளாக், தலை உயரம் 3 மி.மீ. குறைந்த பிஸ்டன், குட்டையான ராடு, அல்லது பிளாக்குக்கு அடியில் 3 மி.மீ. அலுமினியத் தட்டு. கடைசி வழி மலிவு என்பதால் பலரும் அதற்குப் போவார்கள். எங்கள் கருத்தில் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். தட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் கசிய இடம் கிடைக்கிறது, ஸ்டட் (பிளாக்கையும் ஹெட்டையும் கேஸோடு பிடிக்கும் மரைக் கம்பி) நீளம் போதாமல் போகிறது, பிஸ்டனின் கீழ் இடிப்பு அப்படியே இருக்கிறது. கிராங்க், ராடு, பிஸ்டன், பிளாக் நான்கையும் ஒரே எஞ்சினிலிருந்து எடுத்து, கேஸையும் ஹெட்டையும் மட்டும் கலப்பதுதான் முதல்முறை கட்டுகிறவருக்கு ஏற்றது.

பிஸ்டனை மாற்றும்போது பின் விட்டத்தைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தின் பழைய ஹோண்டாக்களிலும் சீனத்து 110-லும் 13 மி.மீ.; சில 125களில் 14. 14 மி.மீ. பிஸ்டனை 13 மி.மீ. ராடில் புஷ் போட்டு ஒப்பேற்றும் வேலை வேண்டாம். சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புஷ், அதிர்வில் உடைந்து ராடையே கொண்டுபோகும்.

உயரக் கணக்கு சரியா என்று கடைசியாகச் சொல்வது ஈயக் கம்பிதான். 1.5 மி.மீ. சால்டர் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, பிஸ்டன் தலையின் இரு ஓரத்திலும் பிஸ்டன் பின் நீளும் திசையில் கிரீஸ் தொட்டு ஒட்டுங்கள். பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி, அளவு பொய்யாகும். ஹெட், பேக்கிங் போட்டு முறையாக முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிரித்து, நசுங்கிய தடிமனை அளங்கள். 0.8 முதல் 1.2 மி.மீ. வரை இருந்தால் நல்லது. 0.6-க்குக் கீழே என்றால் அதிக ஆர்.பி.எம்.மில் ராடு நீளும்போது தட்டும். 2-ஐத் தாண்டினால் பிஸ்டன் அமுங்கி நிற்கிறது. அந்த எஞ்சின் சூடாகும், ஆனால் இழுக்காது.

பிளாக் கேஸில் உட்காருகிறதா?

மூன்று அளவு. முதலாவது, பிளாக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் லைனரின் (சிலிண்டரின் உட்குழாய்) வெளிவிட்டமும் கேஸ் வாயின் துளை விட்டமும். லைனர் துளைக்குள் கை விரலால் தள்ளினால் இறங்க வேண்டும். தட்டி இறக்கினால் லைனர் அழுந்திப் போர் நீள்வட்டமாகும். 50, 70 கேஸ்களில் 52 மி.மீ. கிட்வரை மெல்லிய லைனரோடு துளையைத் தொடாமல் இறங்கும்படி செய்து விற்கிறார்கள். அதற்கு மேல் என்றால் கேஸ் வாயைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். எஞ்சினை முழுதாகப் பிரித்து, கேஸின் இரு பாதியையும் வெறுமையாகச் சேர்த்து முறுக்கித்தான் லேத்தில் கொடுக்க வேண்டும். கிராங்கை உள்ளே வைத்துத் துணி அடைத்துக் கடைவது, அலுமினியத் தூளை பேரிங்குக்குள் ஊட்டும் வேலை.

இரண்டாவது, ஸ்டட் இடைவெளி. மையத்திலிருந்து மையம் நேராக அளக்க வராது. இரண்டு ஸ்டட்டின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து, ஒரு ஸ்டட்டின் விட்டத்தைக் கழியுங்கள். நீளவாக்கு, அகலவாக்கு, குறுக்கு மூன்றும் எடுக்க வேண்டும். ஸ்டட் 6 மி.மீ. வகையா 8 மி.மீ. வகையா என்றும் பாருங்கள்.

மூன்றாவது எண்ணெய் வழி. இதைக் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். இந்தக் குடும்பத்தில் பம்ப் அனுப்பும் எண்ணெய், கேஸின் வாயில் ஒரு துளை வழியாக ஏறி, பிளாக்கில் ஒரு ஸ்டட்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஊர்ந்து ஹெட்டுக்குப் போகிறது. அடிப் பேக்கிங்கிலும் ஹெட் பேக்கிங்கிலும் அந்த இடத்தில் துளை இருந்தாக வேண்டும். ஒரு கிட்டின் பேக்கிங்கை இன்னொரு கேஸில் போடும்போது அந்தத் துளை கால் பங்கு மறைந்தாலும் ஹெட்டுக்கு எண்ணெய் போதாது. பழைய 6 வோல்ட் ஹெட்டுகளில் கேம் ஷாஃப்ட் பேரிங் இல்லாமல் அலுமினியத்தின் மேலேயே சுற்றுகிறது. எண்ணெய் இல்லாமல் சில நிமிடத்தில் அது கடித்துக்கொள்ளும். பேக்கிங்கை மூன்று தளத்திலும் வைத்து ஊசி விளக்கடித்துப் பாருங்கள். அந்த ஸ்டட்டுக்குச் செம்பு வாஷரும் மூடிய நட்டும் வருவது எண்ணெய் வெளியே வராமல் இருக்கத்தான்; இடம் மாற்றிப் போடக்கூடாது.

போர் தேய்ந்திருந்தால் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் பிஸ்டன்கள் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி. 50 மி.மீ. போரில் ரிங்கின் வாய் இடைவெளி சுமார் 0.2. ரிங்கைப் பிஸ்டனால் தள்ளி நேராக்கிவிட்டு ஃபீலரால் அளங்கள். குறைந்தால் மெல்லிய அரத்தால் ராவலாம், கூடினால் வேறு ரிங்தான்.

கம்ப்ரஷன்: கணக்கு இல்லாமல் ஹெட் வாங்காதீர்கள்

பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கும் இடத்தை, மேலே இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம். சிசியை மிஞ்சும் இடத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினாலும் அதே விடை.

97.2 சிசி எஞ்சின், விகிதம் 9 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் இடம் 97.2 ÷ 8 = 12.15 சிசி. அதே ஹெட்டில் 52.4 பிஸ்டன் போட்டு 106.7 ஆக்கினால் 106.7 ÷ 12.15 + 1 = 9.8. பரவாயில்லை, ஓட்டலாம். இப்போது கையில் கிடைத்த சி70 ஹெட்டை அதே 106.7-ல் போட்டால்? 71.8 சிசியில் 8.8 விகிதம் தரும் ஹெட் என்று கொண்டால் அதில் மிஞ்சும் இடம் 9.2 சிசிதான். 106.7 ÷ 9.2 + 1 = 12.6. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் பம்ப் பெட்ரோலுக்கு இது தாங்காது. ஏற்றத்தில் கலகலவென்று தட்டும், பிஸ்டன் தலை ஓரம் எலி கடித்ததுபோல் தின்னப்பட்டிருக்கும். தெருவில் ஓட்ட 9 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போட்டது பிஸ்டன் தலையின் வடிவத்தைக் கணக்கில் எடுக்காத தோராயம். மேடான பிஸ்டன் இடத்தைத் தின்னும், குழியான பிஸ்டன் கூட்டும். அதனால் எஞ்சினைக் கட்டியபின் நேராக அளப்பதே உத்தமம். ரிங்கைச் சுற்றி மெல்ல கிரீஸ் தடவி, பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, பிளக் துளை எல்லாவற்றுக்கும் உயரமாக வரும்படி எஞ்சினைச் சாய்த்து வையுங்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து, சிரிஞ்சால் அளந்து விடுங்கள். பிளக் மரையின் அடிவரை வந்ததும் நிறுத்துங்கள். போன அளவுதான் மிஞ்சும் இடம். காற்றுக் குமிழ் சிக்கினால் அளவு குறைந்து காட்டும். எஞ்சினை ஆட்டி மறுபடி செய்யுங்கள்.

விகிதம் கூடிவிட்டால் தடித்த பேக்கிங் போடுவது வழக்கம். 52.4 போரில் 0.5 மி.மீ. தடிமன் 1.08 சிசி சேர்க்கும், 9.8 விகிதம் 9.1 ஆக இறங்கும். ஆனால் ஈயக் கம்பி இடைவெளியும் அதே 0.5 கூடிவிடும். ஏற்கெனவே 1.2 இருந்த இடத்தில் 1.7 ஆனால், விகிதம் குறைந்தும் தட்டல் போகாது. அதைவிட ஹெட்டின் குழியைச் சற்றுக் குடைவது மேல்.

ஹெட் பேக்கிங்கின் உள்வட்டம் போரைவிட ஒரு மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். 50-க்கான பேக்கிங்கை 52.4-ல் போட்டால் உலோக ஓரம் உள்ளே நீட்டி, பழுத்து, பிளக்குக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும்.

டைமிங் செயினும் வால்வும்

இந்தக் குடும்பத்தில் ஓடுவது 25ஹெச் வகைச் செயின். ஒரு கண்ணி 6.35 மி.மீ. 50, 70-ல் பெரும்பாலும் 82 கண்ணி, 97 முதல் 110 வரை 84, உயரமான 125 பிளாக்குகளில் அதைவிடக் கூடுதல். கண்ணி எப்போதும் இரட்டை எண்தான். இரண்டு கண்ணி கூடினால் சுற்று 12.7 மி.மீ. நீளும், அதாவது கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 6.35 மி.மீ. தூரம். முன்பு பார்த்த 3 மி.மீ. தட்டு இங்கேதான் தலைவலி தருகிறது. பழைய செயின் எட்டாது. இரண்டு கண்ணி கூட்டினால் 6.7 மி.மீ. தொய்வு மிஞ்சும். டென்ஷனர் அவ்வளவையும் இழுத்துப் பிடிக்காமல் போகலாம்.

ஹெட் உயரம் மாறினால் கேமின் நேரமும் நகரும். கேம் பல்சக்கரத்தில் 28 பல் என்றால் அதன் சுற்றளவு 177.8 மி.மீ. ஹெட்டை 1 மி.மீ. உயர்த்தினால் கேம் ஏறத்தாழ 2 டிகிரி, கிராங்கில் சொன்னால் 4 டிகிரி, முந்திப் போகும். ஹெட் தளத்தைச் சீவினால் அதே அளவு பிந்தும். அரை மில்லிமீட்டருக்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றைத் தாண்டினால் கேம் பல்சக்கரத்தின் போல்ட் துளையை நீள்துளையாக்கிச் சரிசெய்வார்கள்.

செயின் மாட்டும்போது மேக்னெட்டின் 'டி' (T, மேல் முனை) குறி கேஸ் குறியோடும், கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டோடும் சேர வேண்டும். கலந்து கட்டிய எஞ்சினில் மேக்னெட் வேறு வண்டியுடையதாக இருந்தால் அந்த 'டி' பொய் சொல்லலாம். பிளக் துளை வழியே டயல் கேஜ் வைத்து உண்மையான மேல் முனையைக் கண்டுபிடித்து, புதுக் குறி இடுங்கள்.

பெரிய வால்வு ஹெட்டோ, அதிகம் தூக்கும் கேமோ போட்டால், வால்வு பிஸ்டனை இடிக்குமா என்று பார்க்காமல் கிக்கரைத் தொடாதீர்கள். பிஸ்டன் தலையில் 4 மி.மீ. தடிமனுக்குக் களிமண் போன்ற பிளாஸ்டிசின் ஒட்டி, எண்ணெய் தொட்டு, ஹெட் மாட்டி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். பிரித்து, அச்சு விழுந்த இடத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டி அளங்கள். இன்லெட் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். சுற்றும்போது எங்காவது தடுத்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். பெரிய வால்வு இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவும் வாய்ப்புண்டு. அது பிளாஸ்டிசினில் தெரியாது, ஹெட்டைத் தனியாகக் கையில் வைத்து இரண்டு வால்வையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே), எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் 0.05 மி.மீ.

கிராங்கின் இரு முனைகள்

இடது முனையில் மேக்னெட் உட்காரும் கூம்பு. 6 வோல்ட் கிராங்கின் கூம்பும் 12 வோல்ட் கிராங்கின் கூம்பும் வேறு. கிராங்க், மேக்னெட், காயில் தட்டு மூன்றும் ஒரே எஞ்சினிலிருந்து வருவது பாதிக் கவலையைத் தீர்க்கும். கூம்பு சரியா என்று சந்தேகம் வந்தால் கூம்பில் மை தடவி மேக்னெட்டை அமுக்கி எடுங்கள். மை முழுக்க ஒட்ட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் ஒட்டினால், எவ்வளவு முறுக்கினாலும் ஓடும்போது மேக்னெட்டை நிறுத்தும் சாவி (சிறு உலோக ஆப்பு) அறுந்து மேக்னெட் தனியாகச் சுழலும்.

வலது முனையில் பழைய வகையில் கிளட்ச் இருக்கும். பெரிய சீன எஞ்சின்களில் கிளட்ச் கியர் ஷாஃப்டின் மேல் இருக்கும். கேஸ் எந்த வகையோ கிராங்கும் வலது மூடியும் அந்த வகையாகவே இருக்க வேண்டும். 50-ன் கிளட்சில் 110-ன் இழுவை வழுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிகத் தட்டுள்ள கிளட்சும் வலுவான ஸ்பிரிங்கும் தேவைப்படும்.

பேரிங் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். அதில் உள்ள எண் உலகம் முழுக்க ஒன்றுதான்: 6304 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 52, தடிமன் 15. கேஸ் துளையும் கிராங்க் கழுத்தும் அளந்தால் எண் தெரிந்துவிடும்.

கேஸை மூடியபின் கிராங்க் முனையில் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கட்டும். இவை அழுத்தி இணைத்த கிராங்குகள். பார்சலில் ஒருமுறை கீழே விழுந்தாலே கோணும்.

கார்புரேட்டர்

பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தை விடுங்கள். 70–90 சிசிக்கு 16 முதல் 20 மி.மீ., 110-க்கு 20–22, 125–140-க்கு 22–26 போதும். பெரிய வாயில் காற்றின் வேகம் குறைந்து, ஆக்ஸிலேட்டர் திருகியதும் எஞ்சின் மூச்சு முட்டும். ஸ்ட்ரோக்கைக் கூட்டியிருந்தால் ஆர்.பி.எம். ஆசையையும் குறைத்துக்கொள்ளுங்கள்: 9,000 சுற்றில் 49.5 ஸ்ட்ரோக் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14.9 மீட்டர், 57 ஸ்ட்ரோக்கில் 17.1. பிந்தையது சாதாரண ராடுக்கும் ரிங்குக்கும் அதிகம்.

தெருவில் ஓட்டலாமா?

ஜப்பானில் 2025 ஏப்ரலில் விதி மாறும்வரை 50 சிசியைத் தாண்டினாலே வண்டி வேறு வகுப்பு. உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவை மாற்றி வேறு நிற நம்பர் பிளேட் வாங்கினார்கள், கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தவர்களால் அதை ஓட்ட முடியவில்லை. இந்தியாவில் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சிசியும் இருக்கின்றன. சிசியைக் கூட்டிய எஞ்சின், சொந்த இடத்துக்கும் பந்தயத் தடத்துக்கும் கல்லூரிச் செயல்திட்டத்துக்கும் மட்டும்.

முடுக்குவதும் முதல் 100 கிலோமீட்டரும்

ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டில், இரண்டு மூன்று கட்டமாக முறுக்குங்கள். 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 9 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு சுமார் இரு மடங்கு. பிஸ்டனில் 'இன்' என்று எழுதிய பக்கம் இன்லெட்டுக்கு. படுக்கை எஞ்சினில் அது மேல்பக்கம். சர்க்ளிப் எப்போதும் புதிது.

ஈரக் கிளட்சுக்கான மோட்டார் சைக்கிள் ஆயில் சுமார் 0.8 லிட்டர் விட்டு, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, டாப்பெட் மூடியைத் திறந்து கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். ராக்கரில் எண்ணெய் தலை காட்டும்வரை பிளக்கை மாட்டக் கூடாது. ஐம்பது அறுபது உதையிலும் வரவில்லை என்றால் பம்ப் காற்றைக் குடிக்கிறது, அல்லது பேக்கிங் துளையை மறைக்கிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதல்முறை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். ஆறியபின் ஹெட் நட்டுகளையும் டாப்பெட்டையும் மறுபடி பாருங்கள். ஸ்ட்ரோப் விளக்கால் இக்னிஷன் நேரத்தை, நீங்கள் இட்ட குறியோடு ஒப்பிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குங்கள். பெரியதில் வண்டி திணறும், புகையும், சேதமில்லை. சிறியதில் தொடங்கினால் பிஸ்டன் உருகும். கார்புரேட்டர் நிறுவனங்களான கெய்ஹினின் ஜெட் எண்ணும் மிகுனியின் ஜெட் எண்ணும் ஒரே அளவல்ல. ஐடிலில் வேகம் ஏறி இறங்கினால் ஜெட்டைத் தொடுமுன் இன்லெட் குழாயின் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். கலந்து கட்டிய எஞ்சினில் ஹெட் துளையும் குழாய்த் துளையும் பொருந்தாமல் அங்கே இடைவெளி விழுவது சகஜம்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினால் உள்ளே நடப்பது தெரியும். சாம்பல் நிற மெல்லிய பசை என்றால் ரிங் படிகிறது, இயல்பு. மினுங்கும் அலுமினியச் செதில் என்றால் பிஸ்டனோ கேம் உட்காரும் இடமோ தின்கிறது. காந்தத்தில் ஒட்டும் ஊசித் துண்டு என்றால் பேரிங் அல்லது கியர். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் செயின் உருளையைத் தின்கிறது. கண்ணிக் கணக்கு தவறியிருக்கிறது, அல்லது டென்ஷனர் மிஞ்சிய தொய்வைப் பிடிக்கவில்லை.